வேலி போட்ட பனை

எனக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட வாசலுக்கும் கரும்பலகைக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பேன். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வளவைச் சுற்றி வருவேன். "இந்தப் பிள்ளையின்ரை காலிலை வண்டிச்சில்லுப் பூட்டியிருக்கு" என்று என்னைப் பெற்ற ஐயா சொல்வார். அப்படிப்பட்டவள் ஒரு பனங்கொட்டை முளைக்குமா என்று மாதக்கணக்காகக் காத்திருந்தேன் என்றால், என்னைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில், கொழும்பில் என் கணவர் வேலை செய்த இடமும் தங்கியிருந்த அறையும் எரிந்துபோயின. அகதிகளை ஏற்றிவந்த கப்பலில், உடுத்த சாரத்தோடு காங்கேசன்துறையில் வந்திறங்கினார். எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த தை பிறந்த கையோடு ஜேர்மனிக்குப் புறப்பட்டார்.

"ஆறு மாசம். அதுக்குள்ளை உம்மைக் கூப்பிடுவன்" என்றார்.

நான் மானிப்பாயில் ஐயாவோடு இருந்தேன். அம்மா நான் படிக்கிற காலத்திலேயே இறந்துவிட்டார். ஐயா தோட்டக்காரர், வெங்காயமும் புகையிலையும் செய்தார். நான் புவியியல் ரீச்சர். என்னுடைய சூட்கேசை அலுமாரிக்கு மேலே ஏற்றாமல் கட்டிலுக்குக் கீழேயே வைத்திருந்தேன். ஆறு மாதம் போயிற்று. பிறகு இன்னோர் ஆறு மாதம். தபாற்காரரின் சைக்கிள் மணி கேட்டால் சோற்றுப்பானையை அடுப்பில் விட்டுவிட்டு ஓடுவேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள் என் சிநேகிதி. என்னைவிட ஓரிரு வயது மூத்தவள். கலியாணம் செய்யவில்லை. குருநகரில் கடற்தொழில் செய்யும் குடும்பம். மீன் ஏலம் கூறுகிற குரல் அவளுக்கும் வாய்த்திருந்தது. அவள் தேற்றம் ஒன்றை விளக்கினால் பக்கத்து இரண்டு வகுப்புகளும் சேர்ந்து படித்துவிடும்.

ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மணல் முற்றத்தில் பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பா ஒன்று. அதற்குள் ஒரு மரம். அடி பெருத்து, மேலே போகப்போக ஒடுங்கி, சோடாப் போத்தலை நிமிர்த்தி வைத்த மாதிரி நின்றது. உச்சியில் நாலே நாலு ஓலை, முறுக்கிக்கொண்டு வளைந்திருந்தன. கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்யும் அவளுடைய அண்ணன், மொரீசியஸ் துறைமுகத்தில் வாங்கிவந்து கொடுத்தது. உப்பு மணலில் வைத்தால் கருகிவிடும் என்று பீப்பாவிலேயே வளர்க்கிறாள். போத்தல் பனை என்பது அவள் வைத்த பெயர். அயலவர்களுக்கு அது பிள்ளைத்தாச்சி மரம். புதிதாகக் கலியாணம் செய்த பெண்கள் பூசை முடிந்து வரும் வழியில் நுழைந்து, அதன் வயிற்றைத் தொட்டுவிட்டுப் போவார்களாம்.

"நீரும் ஒருக்காத் தொடும்" என்றாள்.

"மனிசன் ஜேர்மனியிலை. மரத்தைத் தொட்டு என்ன வாறது?"

அவள் சிரித்த சிரிப்பில் வேலியில் இருந்த காகங்கள் எழுந்து போயின. நான் தொட்டேன். சாம்பல் நிறத் தண்டு, வழுவழுப்பாக, உள்ளே தண்ணீர் இருக்கிற மாதிரிக் குளிர்ந்திருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. எனக்குப் பனைப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பனைக்கு நடுவில் வளர்ந்து, அதுவரை ஒரு பனையைக்கூட நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

அதன்பிறகு ஆசிரியர் அறையில் எங்களுக்கு வேறு கதையே இல்லை. எந்தப் பனை வடிவு? ஒன்றே ஒன்று வளர்க்கலாம் என்றால் எதை வளர்ப்பீர்? நான் பேராதனையில் படித்தவள். அங்கே பூந்தோட்டத்தில் வரிசையாக நிற்கும் அரசபனைகளுக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த கால்கள் என்னுடையவை. எண்பத்து மூன்றுக்குப் பிறகு அந்தப் பக்கம் போக நினைக்கவும் முடியாதபடியால் எனக்கு அரசபனைமேல் ஏக்கம்.

"உது மரமில்லை, பட்டாளம்" என்பாள் சிநேகிதி. "வரிசையிலை நிண்டு சலூட் அடிக்கிற மரத்திலை என்ன வடிவு?"

"அப்ப கித்துள்? ஓலை மீன்வால் மாதிரி விரிஞ்சிருக்கும்."

"எங்கடை வீட்டிலை காணாத மீன்வாலே?"

தாளிப்பனையைப் பற்றியும் சொன்னேன். கண்டிக்குப் போகும் ரயிலில் இருந்து ஒருமுறை அது பூத்து நின்றதைக் கண்டிருக்கிறேன். ஒரு மனித ஆயுளுக்குக் காத்திருந்து, ஒரே ஒரு தரம் தலைக்குமேல் பெரிய கோபுரமாகப் பூத்து, காய்த்து, செத்துப்போகும். அன்றைக்குப் பெட்டியின் இந்த யன்னலில் இருந்து அந்த யன்னலுக்கு ஓடி ஓடிப் பார்த்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாத்தையும் ஒரே தரத்திலை குடுத்திட்டுச் சாகிறதோ? விசர் மரம்."

உடுப்பிட்டிக்கு அங்கால் இரண்டு தலையுள்ள கிளைப்பனை ஒன்று நிற்கிறது என்று கேள்விப்பட்டு, வெயிலில் சைக்கிள் உழக்கிப் போனோம். போய்ப் பார்த்தால் இடி விழுந்து ஒரு தலை கருகியிருந்தது. வளவுக்காரப் பெண் எங்கள் முகத்தைப் பார்த்து, யாரோ செத்த வீட்டுக்கு வந்தவர்கள் என்று நினைத்துத் தேநீர் ஊற்றித் தந்தாள்.

அந்த வருட மாரிக்கு முன்னர் அவளுடைய அண்ணன் விடுமுறையில் வந்தபோது நாலு கொட்டைகள் கொண்டுவந்தார். எலுமிச்சை, எங்கள் தேசிக்காய் அளவு; மேலே வரிவரியாக மேடும் பள்ளமும். மடகஸ்காரில் எடுத்ததாம். மரத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. பனை போலத்தான் இருக்கும், ஆனால் ஓலை பாரை மீனின் வயிற்றைப் போல நீலமும் வெள்ளியுமாக மின்னும் என்று சொன்னாராம். நாங்கள் அதற்கு வெள்ளிப்பனை என்று பெயர் வைத்து, ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டோம்.

எங்கள் வளவில் ஒரு முழம் கிண்டினால் சுண்ணாம்புக்கல். பழைய எருக்கிடங்கு தூர்ந்துபோன மூலையில் மட்டும் ஆழமாக மண் இருந்தது. அங்கே ஊன்றினேன்.

"பனைக்குள்ளை பனை நடுறதுக்கு மடகஸ்காரிலை இருந்து கொட்டை வந்ததோ?" என்றார் ஐயா. "நல்ல காலம், ஜேர்மனியாலை வெங்காயம் வரேல்லை."

அவளுடைய இரண்டும் மணலில் அழுகிவிட்டன. என்னுடையவற்றில் ஒன்று, முளைத்ததா முளைத்ததா என்று நான் கிண்டிப் பார்த்ததில் விரலோடு முறிந்து வந்தது. மற்றதைக் கிண்டாமல் இருப்பதற்காக அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன். அடுத்த வருடம் அந்தக் கல்லின் ஓரத்தால் ஒரு முளை எட்டிப் பார்த்தது. மடித்த நாடா போல ஒற்றை இலை. அச்சாக வடலியின், பனங்கன்றின், முதல் இலை.

"நான் சொன்னனே, உதும் பனைதான்" என்றார் ஐயா.

சிநேகிதி பஸ்ஸில் வந்திறங்கி, முழங்காலில் இருந்து பார்த்தாள். "ஓரத்திலை ஒரு சிவப்புக் கோடு ஓடுது, பாரும்."

"வெய்யிலுக்கு வடலியும் சிவக்கும், ரீச்சர்" என்றார் ஐயா.

ஆடு கடிக்காமல் இருக்க நான் பூவரசந்தடியால் சுற்றிவர வேலி போட்டேன். தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வடலிக்கு வேலி போட்டவள் என்று எனக்குப் பெயர் வந்தது.

யாழ்ப்பாணக் கோட்டை இராணுவ முகாமில் இருந்து நகரத்துக்குள் ஷெல் விழத் தொடங்கிய பிறகு குருநகரில் இருக்க முடியாமற்போயிற்று. சிநேகிதியின் அக்கா குடும்பம் படகேறி மன்னார்ப் பக்கம் போய்விட்டது. அவளை எங்கள் வீட்டுக்கு வரச்சொன்னேன். சனமெல்லாம் பானையும் பாயும் மூட்டையுமாக இடம்பெயர, அவள் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டியில், பீப்பாவோடு போத்தல் பனையைக் கட்டியணைத்தபடி வந்து சேர்ந்தாள். உடுப்புகள் ஒரு சின்னப் பையில் இருந்தன. வழியில் எல்லோரும் சிரித்தார்களாம். "சிரிக்கட்டும். அவையளின்ரை பானை காய்க்கப் போகுதோ?" என்றாள். மரத்தைக் கிணற்றடியில் இறக்கி வைத்தோம்.

குண்டு போடும் பொம்மர் விமானங்கள் பறக்கத் தொடங்கியதும், பதுங்கியிருக்க வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டினார்கள். ஐயா இரண்டு பனைகளைத் தறித்து, கூரைக்குக் குற்றிகள் போட்டு அடுக்கிவைத்தார். பிறகு மண்வெட்டியோடு நேரே எருக்கிடங்கு மூலைக்கு நடந்தார். நான் ஓடிப்போய் வேலிக்கு முன்னால் நின்றேன்.

"அதிலை மரம் நிக்குதணை."

"என்ன மரம்?"

"வெள்ளிப்பனை."

"பிள்ளை, தலைக்கு மேலாலை பொம்மர் சுத்துது. நீ வடலிக்கு வழக்குப் பேசுறாய். இந்த வளவிலை வேறை எங்கை மண் கிடக்கு?"

"கிளப்பி நடேலாது, ஐயா. வேர் நேரை கீழை போயிருக்கும். கிளப்பினாச் செத்துப்போம்."

"வெட்டாட்டி நாங்கள் செத்துப்போவம்."

அவர் சொன்னது சரி. ஆனாலும் நகர முடியவில்லை. பின்னால் இருந்து சிநேகிதியின் குரல் வந்தது.

"ஐயா, நாங்கள் ரண்டுபேரும் மற்றப் பக்கத்திலை வெட்டித் தாறம்."

"கல்லிலையோ?"

"கல்லிலைதான்."

அலவாங்கு பிடித்துப் பழகாத இரண்டு ரீச்சர்மார் கல்லை உடைத்தோம். முதல்நாளே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சோக் கட்டியைப் பிடிக்க முடியாமல் நான் விரல் நுனியால் எழுத, பிள்ளைகள் சிரித்தார்கள். அலவாங்கு கல்லில் பட்டுத் தெறிக்கும் ஒவ்வொரு முறையும் தோள் வரை கூசியது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: கணவர் போன நாளில் இருந்து எனக்குள் குறுகுறுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த நாட்களில் அடங்கியிருந்தது. இரவில் அடித்துப்போட்டாற்போல நித்திரை வந்தது.

இடுப்பளவு ஆழத்துக்கு மேல் எங்களால் முடியவில்லை. அதுவரை தூரத்தில் நின்று புகையிலை சப்பிக்கொண்டிருந்த ஐயா ஒருநாள் காலை தானே இறங்கி, கல்லில் ஒரு வெடிப்பைத் தேடிப்பிடித்து, அதிலிருந்து துண்டு துண்டாகப் பெயர்த்துத் தந்தார். மூன்றுபேரும் குனிந்துகொண்டு இருக்கலாம் என்ற அளவுக்குப் பங்கர் வந்தது.

"உயிர் போகாட்டிலும் கழுத்துப் போகும்" என்றார்.

அந்தப் பங்கருக்குள் நாங்கள் பலமுறை இறங்கினோம். ஒருநாளை மட்டும் சொல்கிறேன். காலை நேரம். விமானம் தாழ்ந்து வரும் இரைச்சல் கேட்டு விழுந்தடித்து உள்ளே போனோம். சிநேகிதி மாதாவைக் கூப்பிட்டாள். ஐயா முருகனைக் கூப்பிட்டார். எனக்கு யாரையும் கூப்பிட வரவில்லை. முதல் குண்டு விழுந்ததும் என்னால் உள்ளே இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே ஓட முனைந்தேன். சிநேகிதி என் சட்டையை முதுகோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "இரும்!" என்று கத்தினாள். அந்தக் குரலுக்கு ஒரு வகுப்பே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தேன். இரண்டாவது குண்டு மிகக் கிட்டத்தில் விழுந்தது. குற்றிகளுக்கு இடையால் மண் கொட்டியது.

வெளியே வந்தபோது அடுத்த ஒழுங்கையில் ஒரு வீடு இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை என் வகுப்பில் முன்வரிசையில் இருப்பவள். பிரேசிலின் படத்தை அட்லஸ் பார்க்காமல் வரைவாள். அவளும் தாயும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பங்கர் இருக்கவில்லை. செத்த வீட்டுக்கு ஊர் முழுக்க வந்தது. மரத்தைப் பற்றி அந்த நாட்களில் எங்கள் ஒருவருக்கும் நினைவே இல்லை.

சில வாரம் கழித்துத்தான் கண்டோம். புதிய குருத்து விரிந்திருந்தது. நாடா போல இல்லாமல் முதன்முதலாக விசிறியாக விரிந்த ஓலை. அதில் ஓரத்தில் இருந்து ஓரத்துக்கு, வளைவாக ஒரே வரிசையில் ஓட்டைகள். நான் பூச்சி தின்றுவிட்டது என்றேன். சிநேகிதி ஓலையை மெதுவாக மடித்துப் பார்த்தாள். எல்லா ஓட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி ஒரே ஓட்டையாயின.

"குருத்து மடிஞ்சு நிக்கேக்கை ஒரு குண்டுச் சன்னம் துளைச்சுக்கொண்டு போயிருக்கு. ஒரு ஓட்டைதான். விரிஞ்சபடியாலை இத்தனையாத் தெரியுது" என்றாள்.

எனக்கு அந்த ஓலையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வெட்டிவிடுவோம் என்றேன். "பச்சை ஓலையை வெட்டினா மரத்துக்குச் சாப்பாடு குறையும்" என்று அவள் விடவில்லை. கிணற்றடிக்குப் போகும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் போகப் பழகிக்கொண்டேன்.

எண்பத்தேழில், அமைதி காக்க வந்த இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியபோது ஊர்ச்சனத்தோடு கோயிலில் போய் இருந்தோம். திரும்பி வந்தபோது வீட்டில் ஓடுகள் உடைந்திருந்தன, கோழிகள் இல்லை. தண்ணீர் காணாத போத்தல் பனை, வயிற்றில் இருந்ததைக் குடித்துக்கொண்டு பிழைத்திருந்தது. பிறகு சுற்றிவளைப்புகள் வந்தன.

ஒரு காலையில் இந்திய ஆமிக்காரர் வளவுக்குள் வந்தார்கள். வீட்டைப் பார்த்தார்கள், பங்கரைப் பார்த்தார்கள், பிறகு அவர்களுடைய அதிகாரி எருக்கிடங்கு மூலையில் நின்றுவிட்டார்.

"இந்த ஊர் முழுக்கப் பனை. ஒன்றுக்கும் வேலியில்லை. இதற்கு மட்டும் ஏன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சிநேகிதி ஆங்கிலத்தில் விளக்கினாள். இது பிறநாட்டு மரம், கடல் கடந்து வந்த கொட்டை, நாங்கள் ஆசைக்கு வளர்க்கிறோம் என்றாள். அவர் நம்பவில்லை. ஆயுதம் புதைத்த இடத்துக்கு அடையாளமாக இதை நட்டிருக்கிறோம் என்று நினைத்தார். இரண்டுபேர் இரும்புக் கம்பிகளை மரத்தைச் சுற்றி மண்ணுக்குள் இறக்கினார்கள். வளவில் வேறெங்கும் கல்லில் முட்டிய கம்பி, அங்கே மட்டும் சுகமாக இறங்கியது. அதிகாரியின் முகம் மாறிற்று. கிண்டச் சொன்னார்.

எனக்குக் கால் நிற்கவில்லை. கிணற்றடிக்கும் மாமரத்துக்கும் இடையில் நடக்கத் தொடங்கினேன். ஒருவன் துவக்கைத் திருப்பி அதட்டினான். நின்றேன், என்னை அறியாமல் மறுபடி கால் எடுத்து வைத்தேன். ஐயா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மண்வெட்டியோடு போன ஆமிக்காரன் மெலிந்த, கறுத்த இளந்தாரி. குந்தியிருந்து ஓலையைக் கையில் எடுத்துப் பார்த்தான். கட்டைவிரலால் தேய்த்தான். விரலில் வெள்ளையாக மாப் போல ஒட்டியது; தேய்த்த இடத்தில் ஓலை பச்சையாயிற்று. எழுந்து அதிகாரியிடம் விரலைக் காட்டி ஹிந்தியில் ஏதோ சொன்னான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இது கரிம்பன அல்ல" என்றான். மலையாளத்தில் எங்கள் பனைக்கு அதுதான் பெயர். பாலக்காட்டுக்காரனாம். தன்னுடைய ஊரிலும் எங்கும் பனைதான், இந்த மாதிரி ஒன்றை ஒருநாளும் காணவில்லை என்று பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொன்னான். அதிகாரி தானும் ஓலையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு கம்பிகளை இழுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வாசல் படலையைச் சாத்தியதும் ஐயா மரத்தடிக்குப் போனார். ஓலைக்காம்பின் ஓரத்தில் விரலை ஓட்டினார். பனை மட்டையில் வாள்போலக் கருக்கு இருக்கும், கையை அறுக்கும். இதில் சின்னச் சின்னப் பல், பேருக்குத்தான் இருந்தது.

"என்னணை?" என்றேன்.

"எங்கையோ கிடந்து வந்த உவன் சொல்லிப்போட்டுப் போறான். பிறந்ததிலை இருந்து பனைக்குள்ளை கிடக்கிற எனக்குத் தெரியேல்லை" என்று சினந்துகொண்டு போனார். பின்னேரம் பார்த்தால், என்னுடைய பூவரசம் வேலியைப் பிடுங்கிவிட்டு, மரம் வளர்வதற்கு இடம் விட்டு அகலமாகப் புதுவேலி அடைத்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து மரம் அவருடையதாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுக்க முன்னர் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். மடகஸ்கார் என்ற சொல் அவர் வாயில் ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. "கையாலை தொடாதேங்கோ, வெள்ளி உரிஞ்சு போம்" என்று பெரிய மனிதர்களையும் அதட்டுவார். வருடத்துக்கு வருடம் ஓலைகள் அகன்றன. வெயில் ஏறும்போது நீலமாகவும், மப்பு மூடினால் சாம்பலாகவும் தெரியும். சிநேகிதி போத்தல் பனையில் இருந்து இதற்குக் கட்சி மாறிவிட்டாள் என்று நான் பகிடி பண்ணுவேன். "ரண்டு பிள்ளையிலை ஆர் வடிவெண்டு தாயிட்டைக் கேக்கிறீரோ?" என்பாள்.

எண்பத்தொன்பதில் என் கணவர் திரும்பி வந்தார். என்னைக் கூப்பிடவில்லை, அவரே வந்துவிட்டார். அகதி மனுவை நிராகரித்துவிட்டார்களாம். மெலிந்து, தலைமுடி கொட்டி, தோளில் ஒரு பையோடு படலையில் நின்றார். ஐயா அவரையும் நேரே மூலைக்குக் கூட்டிப்போக, "மாமா, முதல்லை கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றார்.

பின்னர் நாங்கள் இருவரும் அதனருகில் நின்றோம்.

"இதையோ இவ்வளவு காலமும் வளத்தனீர்?"

"உங்களைப் பாத்துக்கொண்டிருந்த நேரத்திலை."

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: "அங்கை மாதா மாதம் போய்க் கையெழுத்து வைக்கிற கந்தோரிலை ஒரு சட்டியிலை பனை மாதிரி ஒண்டு வைச்சிருந்தவங்கள். காத்துக்கொண்டிருக்கேக்கை அதைத்தான் பாத்துக்கொண்டிருப்பன். ஊரிலை இருக்கிற மாதிரிக் கிடக்கும். ஒருநாள் ஆரும் இல்லாத நேரம் கிட்டப் போய்த் தொட்டுப் பாத்தன். பிளாஸ்ரிக்."

அவர் வந்தது சந்தோஷந்தான். ஆனால் எனக்குள் ஆத்திரமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருடமும் நான் புறப்பட ஆயத்தமாக இருந்தேன். புறப்படுவதற்கு இனி இடம் இல்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேசை இழுத்துத் திறந்தேன். உள்ளே வைத்திருந்த கம்பளிச் சட்டையைக் கறையான் தின்றிருந்தது.

அவருக்கு ஊரில் வேலை கிடைக்கவில்லை. தொண்ணூறு தொடக்கத்தில் கொழும்பில் ஒரு நண்பரின் கடையில் கணக்கு எழுதப் போனார். பள்ளி விடுமுறைக்கு நானும் வருவதாக ஏற்பாடு. ஆனியில் மறுபடி யுத்தம் தொடங்கிப் பாதை மூடிக்கொண்டது. மறுபடி காத்திருப்பு. இந்தமுறை இடையில் இருந்தது கடல் இல்லை, ஒரு நாள் ரயில் பயணம். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மின்சாரம் இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. நானும் சிநேகிதியும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்தோம். அந்த வருடங்களில்தான் போத்தல் பனை முதன்முதலாகப் பூத்துக் காய்த்தது. இலந்தைப்பழம் போல, கொத்தாக. சிநேகிதி ஊரெல்லாம் கூட்டிவந்து காட்டினாள். "பிள்ளைத்தாச்சி கடைசியாப் பெத்திட்டாள்" என்று ஐயா சொன்னார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிவில், இராணுவம் நெருங்குகிறது, மானிப்பாய் உட்பட வலிகாமம் முழுவதையும் விட்டு எல்லோரும் வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. சிநேகிதி ஒரு பையில் உடுப்பும் காய்ந்த போத்தல் பனை விதைகளும் போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில் வாசலில் நின்றாள். பீப்பாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஐயாதான் வரமாட்டேன் என்றார்.

"நான் கிழவன். என்னை ஆர் என்ன செய்யப்போறான்? நீங்கள் போங்கோ."

"நீங்கள் வராட்டி நானும் நிப்பன்."

"நீ நிக்கமாட்டாய், பிள்ளை. உனக்கு நிக்கத் தெரியாது."

நான் ஈர நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். ஒழுங்கையால் சனம் போய்க்கொண்டே இருந்தது. மாடுகள், மூட்டைகள், சைக்கிள்கள். நான் எழும்பமாட்டேன் என்று ஐயாவுக்குக் கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது. சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவரைச் சைக்கிளில் இருத்தி இரண்டுபேரும் மாறி மாறித் தள்ளினோம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க மறுநாள் பின்னேரம் ஆயிற்று.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை எங்களுக்குக் கிடைத்தது. நாங்களும் வேறு பல குடும்பங்களும். மழை விடவேயில்லை. ஐயாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கிளாலிக்குப் போய்ப் படகேறி வன்னிக்கு ஊடாகக் கொழும்புக்குப் போகலாம் என்று நான் அன்றைக்கே விசாரிக்கத் தொடங்கினேன். சிநேகிதியோ வெறும் பால்மா ரின்களைத் தேடிச் சேர்த்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, விதைகளை ஊன்றி வகுப்பறைச் சுவரோரம் அடுக்கினாள்.

"எவ்வளவு காலம் இஞ்சை இருக்கப்போறீர்?" என்று கேட்டேன். என் குரலில் எரிச்சல் இருந்தது.

"ஆருக்குத் தெரியும்?"

"அப்ப உதென்னத்துக்கு? என்னோடை கொழும்புக்கு வாரும்."

"மன்னாரிலை அக்கா இருக்கிறா. இஞ்சை என்ரை வகுப்புப் பிள்ளையள் பாதிப்பேர் இருக்குதுகள். சோதினை வருது. நான் ஏன் கொழும்புக்கு?"

"எனக்காக."

அவள் மண் பிசைந்த கையைக் கழுவாமல் என்னைப் பார்த்தாள். "உமக்காக நான் ஒருக்காக் கல்லுடைச்சனான். இனிமேல் ஏலாது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இரண்டுபேருக்கும் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிப்பனை என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்கு: வலிகாமத்துக்குத் திரும்பிப் போன அயலவர் ஒருவர், வீட்டுக்குக் கூரை இல்லை, மரம் நிற்கிறது, கீழ் ஓலைகள் எரிந்திருக்கின்றன என்று பின்னர் சொல்லியனுப்பினார். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

ஐயாவையும் கூட்டிக்கொண்டு நான் புறப்பட்ட காலையில் சிநேகிதி ஒரு பிடி விதையைத் தாளில் சுற்றி நீட்டினாள். கொழும்பில் கணவர் எடுத்திருந்தது மாடியில் ஓர் அறை. மண் இல்லை. மண் இல்லாத இடத்தில் விதையை என்ன செய்வது என்று நான் வாங்கவில்லை. அவள் வற்புறுத்தவும் இல்லை; பொதியை மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மழைக்குத் தார்ப்பாய் கட்டிய லாண்ட்மாஸ்ரர் வந்து நின்றது. இருமலில் களைத்துப்போன ஐயாவை அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து மேலே ஏற்றினோம். "கவனம் ஐயா, தலையைக் குனியுங்கோ" என்று அவள் அந்தப் பெரிய குரலில் சொல்ல, அவர் குனிந்தார்.